தலைச்சன் பிள்ளைகள்

என் தம்பி அறிவரசனால் எனக்குப் படிப்பில் ஒரு வருஷம் போயிற்று. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்று என்னை ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்திருந்து, அவனுக்கு வயது வந்ததும் இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அதனால் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து இடம். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்தக் கோபத்தை நான் காட்டலாம், என் தம்பி. வேறு எவனாவது அவனை ஒரு வார்த்தை சொன்னால் பல்லைப் பெயர்த்துவிடுவேன்.

அவன் வெள்ளை. பெண் பார்க்கும்போது நல்ல சிவப்பு என்பார்களே, அந்த நிறம் இல்லை. தலைமுடி, புருவம், இமை எல்லாமே மக்காச்சோளக் கதிரின் நார் நிறத்தில் இருக்கும். தோல் அப்படியே வெளுப்பு. கண் ஒரு இடத்தில் நிற்காது, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் நல்ல கறுப்பு. எங்களோடு அவன் நடந்து போனால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். திருச்சி பெரியாஸ்பத்திரி டாக்டர் எங்கள் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். பிறவியிலேயே நிறம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, வெயில் ஆகாது, பார்வை குறைவு. நிழலில் கொஞ்சம் தெரியும், வெயிலில் எல்லாம் ஒரே வெளிச்சமாகப் போய்விடும். மற்றபடி அவனும் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.

அந்த டாக்டர் சொன்னது எங்கள் வகுப்புக்கு எப்படித் தெரியும்? அவனுடைய ரப்பரைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கையைச் சுவரில் தேய்ப்பார்கள். சத்துணவு வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். பின்னாலிருக்கும் அந்த இடத்தில் நான் நிற்பேன். விளையாட்டுக்குக் கூப்பிடவே மாட்டார்கள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து காதால்தான் விளையாட்டைப் பார்ப்பான். யார் அவுட், யார் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று எல்லாம் குரலை வைத்தே சொல்லுவான். அவர்களுக்கு இவனைத் தெரியாது, இவனுக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும்.

அப்படி இருந்தும் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லிவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஏதாவது ஒன்று என்று காதில் விழுந்தால் அன்றோடு படிப்பு நின்றது, வீட்டுக்குள் இருந்தால் போதும் என்று. அம்மா சொன்னால் சொன்னதுதான். அதனால் அங்கே நடக்கிற எதையும் நான் வீட்டில் சொல்வதில்லை. அதனால்தான் அந்த ஆடி மாசம் நடந்ததையும் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நாங்கள் ஐந்தாம் வகுப்பு. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். சென்னையிலிருந்து திருச்சி போகிற மெயின் ரோட்டை நான்கு வழியாக்கும் வேலை எங்கள் பக்கம் வந்திருந்தது. பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் எங்கள் தெரு. பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓடை. அங்கே பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலத்துக்குக் குழி எடுத்தார்கள். ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழியில் மட்டும் ஊற்று வந்துகொண்டே இருந்தது. மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்தார்கள், வற்றவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் வகுப்பு தர்மனின் அப்பா மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். பாலத்து ஆட்கள் அங்கேதான் டீ குடிப்பார்கள். கடையில் எவனோ வாய்க்கு வந்ததைப் பேச, அதைத் தர்மன் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டான். பூமி பலி கேட்கிறதாம். தலை விழாமல் தண்ணீர் வற்றாதாம். அதுவும் வீட்டுக்கு மூத்த பிள்ளையின் தலை, தலைச்சன் பிள்ளைதான் வேண்டுமாம். வடக்கத்தி ஆட்கள் தகரக் கொட்டகையில் சாக்கு வைத்திருப்பதை அவனே பார்த்தானாம்.

சிமெண்ட் வேலை நடக்கிற இடத்தில் சாக்கு இல்லாமல் பட்டுப்புடவையா இருக்கும்? இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் பயம்தான். ஏனென்றால் நானும் தலைச்சன். வகுப்பில் தலைச்சன் யார் யார் என்று அன்றே பார்த்துவிட்டோம். தர்மன் தலைச்சன். பாப்பாத்தி அக்கா மகள் ஜோதி தலைச்சன். லப்பைக்குடிகாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் ஜவுளிக்கடை போட்டிருந்தவர்களின் பிள்ளை அஸ்லாம் தலைச்சன். அவன் சித்தப்பா மகள் சமீராவும் அவள் வீட்டுக்கு மூத்தவள். அவரவர் தம்பி தங்கைகளை அவரவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அதற்குப் பிறகு வகுப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாலத்து ஆட்களின் ஜீப் சத்தம் கேட்டால் கை எழுதுவதை நிறுத்திவிடும். ஒன்றுக்குப் போவதென்றால் கூட்டமாகப் போனோம். ஜோதி சுரத்தில் படுத்து எழுந்து வந்தாள், கழுத்தில் கறுப்புக் கயிறு. அஸ்லாம் கையில் தாயத்து. தர்மன் மட்டும் வீராப்பாகப் பேசுவான். என்னைப் பிடிக்க வந்தால் கடித்துவிட்டு ஓடுவேன் என்பான். பேசி முடித்ததும் எச்சிலை விழுங்குவான். பாலத்தைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும், பாவம். சாயங்காலம் அவன் அப்பா வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் சண்டைக்காரி என்று பெயர் எடுத்தவள். பயத்தை வெளியே காட்டினால் மரியாதை என்னாவது என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

இப்படி எல்லோரும் பேயறைந்த மாதிரி இருந்த நாட்களில்தான், திடீரென்று எல்லோருக்கும் என் தம்பிமேல் பாசம் வந்தது.

முதலில் ஜோதி கடலைமிட்டாய் கொடுத்தாள். அவன் கையில் படாமல் உயரத்திலிருந்து போட்டாள், ஆனாலும் கொடுத்தாள். அடுத்து சமீரா நெல்லிக்காய். தர்மன் தன் அப்பா கடை வடையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடிக்கு வந்து, அறிவு, சாப்பிட்டியா, அறிவு, தூங்குனியா என்று விசாரித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது அவனைத்தான் முன்னால் நடக்கச் சொன்னார்கள், மெயின் ரோட்டு ஓரமாக. அவன் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் போனான். அக்கா, எல்லாரும் நல்லவங்க ஆயிட்டாங்கக்கா என்று என்னிடம் சொன்னான். எனக்கு என்னவோ உறுத்தியது. பிள்ளைகள் ஒரே ராத்திரியில் நல்லவர்களாக ஆக மாட்டார்கள், நானும் ஒரு பிள்ளைதானே, எனக்குத் தெரியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளையில் தெரிந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். மரத்தடியில் அவனைச் சுற்றிக் கூட்டம். ஒருவரும் பேசவில்லை. தர்மன் கையில் ஒரு டம்ளர், இன்னொரு கையில் வேப்பிலைக் கொத்து. கொத்தை டம்ளரில் முக்கித் தம்பியின் தலையிலும் முதுகிலும் தெளித்தான். என்னவோ விளையாட்டு என்று நினைத்துத் தம்பி சிரித்தான். தர்மன் மறுபடியும் தெளித்தான். தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும். தம்பிக்குத் தோள் குலுங்கி உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. கூட்டம் முழுக்க மூச்சை விட்டது. எவளோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் மதுரைவீரன் கோவிலில் கிடா வெட்டும்போது பார்த்திருக்கிறேன். மாலை போட்டு நிறுத்தித் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு சும்மா நின்றால் வெட்ட மாட்டார்கள். பூசாரி கும்பிட்டுக் கும்பிட்டுத் தெளிப்பார். ஆடு உடம்பைச் சிலிர்த்துவிட்டால் உத்தரவு கிடைத்துவிட்டது, சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் அரிவாள் இறங்கும்.

தர்மனின் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து குத்தினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னான்.

"உன்னையும் சேத்துதான்டி காப்பாத்துறோம். நேந்து விடுற கிடான்னா ஒரே நிறமா இருக்கணும், ஒரு புள்ளி இருக்கக் கூடாது. அவன் முழு வெள்ள. அவனப் பாத்தா தலைச்சன் எதுவும் வேணாம்னு சொல்லிடுவாங்க. அவனே உத்தரவு குடுத்துட்டான், நீயே பாத்தல்ல."

சாந்தா டீச்சர் வந்து எங்களைப் பிரித்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஸ்கேலால் கையில் அடித்தார். நாலு வழிச் சாலை போடுற காலத்துல நரபலியாம், வெக்கமா இல்ல என்று திட்டினார். அடி வாங்கிய கையை எல்லோரும் ஊதிக்கொண்டார்கள், ஒருவரும் நம்பவில்லை. டீச்சர் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர், அவருக்கு என்ன தெரியும் என்பது எங்கள் எண்ணம். எங்கள் எண்ணம் என்றுதான் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. தலை கேட்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனிமேல் என் தம்பியின் தலையைக் கேட்பார்கள் என்பதுதான் என் பயம்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனை வயல் பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தேன். அவன் வாயே திறக்கவில்லை. எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது. கடலைமிட்டாய் எதற்கு, வடை எதற்கு, முன்னால் நடக்கவிட்டது எதற்கு என்று எல்லாம் புரிந்திருக்கும். நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் கேட்டது வேறு.

"அக்கா, தர்மன் ராத்திரி தூங்குறதே இல்லையாமே. நெசமாவா?"

அவன் கெட்ட கேட்டுக்குத் தூக்கம் ஒன்றுதான் கேடு என்று கத்தினேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, படிப்பு போய்விடும் என்றேன். அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போனதும், நீயும் தலைச்சன்தானேக்கா என்றான். ஆமாம், அதற்கு இப்போது என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றான்.

சனி, ஞாயிறு அவனை வாசலுக்குக்கூட விடவில்லை. திங்கள்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா கேட்கவில்லை. சின்ன வெங்காயம் அறுக்கப் போகிற அவசரத்தில் இருந்தாள். சரி, வகுப்பில் என் கண் முன்னால்தானே இருப்பான் என்று கூட்டிப் போனேன். மத்தியானம் சத்துணவு வரிசையில் அவன் எனக்கு முன்னால்தான் நின்றான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். என் தட்டில் சோறு விழுந்தது. அவன் வரவில்லை.

தொட்டியில் இல்லை. மரத்தடியில் இல்லை. வகுப்பில் அவன் பை மட்டும் இருந்தது. தலையில் போடுகிற துண்டும் அதிலேயே இருந்தது. உச்சி வெயிலில் துண்டு இல்லாமல் போயிருக்கிறான். டீச்சர்கள் யாரும் கண்ணில் படவில்லை. தட்டோடு நடுவகுப்பில் நின்று கத்தினேன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், உங்களுக்கு இப்போது சந்தோஷம்தானே, இனிமேல் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று.

ஒருவரும் அசையவில்லை. இதைத்தானே அவர்கள் வேண்டிக்கொண்டிருந்தார்கள்? வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் ஒரு முகத்திலும் நிம்மதி இல்லை. தர்மனின் முகம் செத்துப்போயிருந்தது. ஜோதி சோற்றை அப்படியே கீழே வைத்தாள். அவளுக்கு உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"நாமதான தண்ணி தெளிச்சோம்" என்றாள்.

நான் ஓடினேன். கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டு ஓரமாக, ஓடையை நோக்கி. ஒரே ஆளாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஜோதி. அவளுக்குப் பின்னால் அஸ்லாம், சமீரா, அப்புறம் முக்கால் வகுப்பு. எல்லோருக்கும் பின்னால் தர்மன், அழுதுகொண்டே வந்தான். அந்தப் பாலத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைகள். எனக்கு அப்போது அவர்களைப் பார்த்துக் கோபப்படக்கூட நேரம் இல்லை.

குழியைச் சுற்றிச் சிவப்புத் துணி முடிந்த கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்கு உள்ளே கால் வைத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்பது நாங்களே போட்டுவைத்திருந்த கணக்கு. கயிறு வரைக்கும் வந்து எல்லோரும் நின்றுவிட்டோம். நானும்தான் நின்றேன். மோட்டார் சத்தத்தில் எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

தம்பி உள்ளே இருந்தான். குழியின் விளிம்புக்குப் பக்கத்தில், ஒரு கல்மேல் உட்கார வைத்திருந்தார்கள். வெயிலில் முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தான். ஒரு ஆள் அவன் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். இன்னும் நாலைந்து பேர் சுற்றி நின்று புரியாத பாஷையில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். கொட்டகைப் பக்கத்திலிருந்து இன்னொருவன் குடத்தோடு வந்தான். வந்தவன் குடத்தைச் சாய்த்துத் தம்பியின் தலையில் தண்ணீரை ஊற்றினான்.

தம்பிக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜோதி வீறிட்டாள். அடுத்து என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோவிலில் பார்த்திருக்கிறோம்.

அப்போதுதான் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தர்மன் கயிற்றுக்குக் கீழே புகுந்தான். சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து போய்ச் சேர்ந்தான். அவன் டிராயர் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. போனவன் தம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதுவரைக்கும் என் தம்பியை வகுப்பில் ஒருவரும் தொட்டதில்லை.

"உத்தரவு இல்லீங்க. குளுருக்குத்தான் சிலித்தானுங்க. அன்னைக்கு நாங்க தெளிச்சதும் பொய்யிங்க. அவன் உத்தரவே குடுக்கலீங்க" என்று கத்தினான்.

அதற்குள் அஸ்லாமும் உள்ளே போயிருந்தான். பக்ரீத்துக்கு ஆடு வாங்குகிற வீட்டுப் பிள்ளை, அவனுக்குத் தெரிந்த சட்டம் அவனுக்கு. தர்மன் நிறுத்தியதும் இவன் கத்தத் தொடங்கினான்.

"அவனுக்குக் கண்ணு தெரியாதுங்க. கண்ணு தெரியாதத அறுக்கக் கூடாதுங்க. செல்லாதுங்க."

நாங்கள் எல்லோரும் எப்போது கயிற்றைத் தாண்டினோம் என்று எனக்கு நினைவில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தம்பியைச் சுற்றிக்கொண்டோம். யார் கை யார் கால் என்று தெரியவில்லை. அந்த ஆட்கள் பயந்துபோய்ப் பின்வாங்கினார்கள். சத்தம் கேட்டு ஜீப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, சட்டையில் பெயர் எழுதிய அட்டை. குருநாதன், தா.பழூர்ப் பக்கத்துக்காரர், அந்த வேலைக்கு சூப்பர்வைசர். தமிழ் பேசினார். தமிழில் பேசினால் மட்டும் நம்பிவிடுவோமா? கட்டின பிடியை ஒருவரும் விடவில்லை.

யாருடா யாரை அறுக்கப் போறாங்க என்று அவர் கேட்டார். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"உங்கள்ல தர்மன் யாரு?"

பெயர் தெரிந்திருக்கிறது. தர்மன் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. சமீரா வந்து தர்மனை மறைத்து நின்றாள்.

அவர் எங்கள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பிள்ளை தானாக நடந்து வந்தான் என்றார். மோட்டார் சத்தம் வந்த திக்கைப் பிடித்து நேராகக் குழியைப் பார்த்து வந்திருக்கிறான். இந்த ஆள் பாய்ந்து பிடிக்காமல் இருந்தால் உள்ளே போயிருப்பான். வெயிலில் உடம்பு கொதிக்கிறதே என்றுதான் தண்ணீர் ஊற்றினார்களாம்.

"வந்ததுலேருந்து சொன்னதையே சொல்லிட்டு இருக்கான். தர்மன விட்டுடுங்க, ஜோதிய விட்டுடுங்க, அஸ்லாம விட்டுடுங்க, சமீராவ விட்டுடுங்க. கடைசியா அம்சவள்ளின்னு ஒரு பேரு. அவங்கள எல்லாம் புடிக்காதீங்க, நானே வந்துட்டேங்கிறான். யாருப்பா இவங்கல்லாம்?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஜோதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, என் தம்பியைப் பார்த்தேன். முகமெல்லாம் தண்ணீர் ஒழுக, கண்ணைத் திறக்க முடியாமல், இத்தனை பேர் எதற்குத் தன்னைக் கட்டிப் பிடித்திருக்கிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தான். என் பெயரைக் கடைசியில் சொல்லியிருக்கிறான். எனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருக்கிறான், பைத்தியக்காரன்.

அந்தப் பெயர்க்காரர்கள் நாங்கள்தான் என்று அஸ்லாம்தான் மெல்லச் சொன்னான். எதற்காக என்றும் சொன்னான். குருநாதனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். யார் தலையும் வேண்டாம், பெரிய மோட்டார் நாளைக்கு வருகிறது, தண்ணீர் வற்றிவிடும் என்றார். நாங்கள் சரி சரி என்று தலையாட்டினோம், அங்கிருந்து போனால் போதும் என்று. அவர் தன் கழுத்துத் துண்டை நனைத்துத் தம்பியின் தலையில் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் இனிமேல் வரக் கூடாது என்று கடுமையாகச் சொல்லி எங்களை ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவர் திரும்பிப் போன பிறகும் நாங்கள் வேகமாக நடந்தோம். பின்னால் ஏதாவது வண்டி வந்தால் ஒட்டிக்கொண்டோம். தம்பியின் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். இன்னொரு கையைத் தர்மன் பிடித்திருந்தான். விடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை குத்தியது போதாது, இன்னும் நாலு கொடுக்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட கேட் தெரிகிற இடத்தில் தர்மன் நின்றான். தம்பியின் கையை விடாமலேயே கேட்டான்.

"ஏன்டா எம் பேர மொதல்ல சொன்ன? நான்தானடா ஒனக்குத் தண்ணி தெளிச்சேன்."

தம்பி யோசிக்கக்கூட இல்லை.

"நீதான எல்லாரையும்விட ரொம்பப் பயந்துட்டு இருந்த" என்றான். "பேசும்போதெல்லாம் ஒங் கொரலு நடுங்கும். எனக்குக் கேக்கும். அதான் ஒன்ன மொதல்ல விடச் சொன்னேன்."

தர்மன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். ஜோதி அழுதாள், சமீரா அழுதாள். நானும் சண்டைக்காரி என்பதையெல்லாம் மறந்து அழுதேன். எதற்காக எல்லோரும் அழுகிறோம் என்று தம்பிக்கு மட்டும் தெரியவில்லை. தர்மனின் குரல் வந்த பக்கம் குனிந்து, தடவிப் பார்த்து அவன் தலையைக் கண்டுபிடித்துக் கையை வைத்தான்.

"இன்னும் பயமா இருக்காடா?" என்று கேட்டான்.